சரக்குந்து டீசல் பொறிகளை மின்னணு உட்செலுத்தலுக்கு மாற்றுதல்

பழைய சரக்குந்துகளின் டீசல் பொறியில் பொறிமுறைப் பம்பு செய்துவந்த எரிபொருள் அளவிடும் பணியை மின்னணுக் கட்டுப்பாட்டகம், உணரிகள், மின்சாரத்தால் திறக்கும் உட்செலுத்திகள் ஆகியவற்றிடம் ஒப்படைத்தல், மின்னணு உட்செலுத்தலுக்கு மாற்றுதல் எனப்படும். பெட்ரோல் பொறிகளில் கார்புரேட்டரை நீக்கி உட்செலுத்தியைப் பொருத்துவது ஓரளவு எளிதான வேலை. உலகின் பல நாடுகளில் ஆர்வலர்கள் இதனைத் தம் வீட்டுக் கொட்டகைகளிலேயே செய்கின்றனர். இந்தியச் சரக்குந்துகள் பெரும்பாலும் டீசலில் ஓடுபவை. டீசல் பொறியில் பம்பை மட்டும் கழற்றி மாற்ற இயலாது. பொறியின் தலைப்பகுதி, உந்துதண்டு, வடிகட்டி, மின்னமைப்பு ஆகிய அனைத்தும் அந்தப் பம்புக்கு ஏற்பவே வடிவமைக்கப்பட்டுள்ளன. இதனால் இந்தியாவில் இம்மாற்றம் பட்டறைகளில் பழைய பொறிகள் மீது நிகழாமல், தொழிற்சாலைகளில் தலைமுறை தலைமுறையாகப் புதிய பொறிகளில் நிகழ்ந்தது. மதுரையிலும் அதனைச் சுற்றியுள்ள சமவெளியிலும் இரண்டு தலைமுறைப் பொறிகளும் இன்றும் ஒரே சாலையில் ஓடுகின்றன.

பொறிமுறைப் பம்பு

டீசல் பொறியில் தீப்பொறிச் செருகி கிடையாது. உருளைக்குள் காற்று மட்டும் உறிஞ்சப்பட்டு, ஏறத்தாழ 16 முதல் 18 மடங்கு வரை அழுத்தப்படுகிறது. அவ்வாறு சூடேறிய காற்றில் டீசல் பீய்ச்சப்பட்டதும் அது தானே தீப்பற்றுகிறது. எனவே டீசல் எப்போது, எவ்வளவு, எந்த அழுத்தத்தில் உள்ளே செல்கிறது என்பதே பொறியின் ஆற்றலையும் புகையையும் ஓசையையும் தீர்மானிக்கிறது.

இதனைச் செய்யும் வரிசைப் பம்பை ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927 இல் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது. 1951 இல் தொடங்கப்பட்ட மைக்கோ நிறுவனம் இவ்வகைப் பம்புகளைப் பெங்களூரில் உற்பத்தி செய்தது. அந்நிறுவனம் 2008 இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாறியபோதும் பட்டறைகளில் ‘மைக்கோ பம்ப்’ என்ற பெயர் மறையவில்லை.

ஆறு உருளைப் பொறியின் வரிசைப் பம்பில் ஆறு சிறு பிளஞ்சர்கள் வரிசையாக நிற்கும். பிளஞ்சரும் அதன் கூடும் சேர்ந்த இணையைப் பட்டறையில் ‘எலிமென்ட்’ என்பர். பொறியின் வேகத்தில் பாதி வேகத்தில் சுழலும் ஒரு தண்டு இவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மேலே தள்ளுகிறது. பிளஞ்சரின் பக்கத்தில் சாய்வான ஒரு வெட்டு உண்டு. பற்கள் கொண்ட நீண்ட சட்டமாகிய ‘ராக்’ நகரும்போது பிளஞ்சர்கள் சற்றுத் திரும்புகின்றன. அதனால் அந்த வெட்டு முன்னதாகவோ பின்னதாகவோ திறந்து, செல்லும் டீசலின் அளவு மாறுகிறது. ராக்கின் ஒரு முனையில் கவர்னர் இணைந்திருக்கும். சுழலும் எடைக்குண்டுகள் வேகம் கூடும்போது விரிந்து ராக்கைப் பின்னுக்கு இழுக்கின்றன.

இவ்வாறு அழுத்தம் தருதல், அளவிடுதல், நேரம் குறித்தல், வேகத்தைக் கட்டுப்படுத்துதல் ஆகிய நான்கு பணிகளையும் ஒரே இரும்புப் பெட்டி, மின்சாரம் ஏதுமின்றிச் செய்கிறது. பொறி ஒருமுறை கிளம்பிவிட்டால் மின்கலத்தைக் கழற்றினாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். அக்காலப் பொறியியலின் மிகச் சிறந்த ஆக்கங்களுள் ஒன்றாக இதனைக் கருதலாம்.

டாட்டா 697 பொறியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். பெயரிலேயே அதன் அமைப்பு உள்ளது: 6 உருளைகள், 97 மில்லிமீட்டர் விட்டம். உந்துதண்டின் ஓட்டம் 128 மில்லிமீட்டர் என்பதால் மொத்தக் கொள்ளளவு 5,675 கன சென்டிமீட்டர். முழுச் சுமையில் ஒவ்வொரு முறையும் ஓர் உருளைக்குள் செல்லும் டீசல் ஏறத்தாழ 50 மில்லிகிராம், அதாவது கண்ணுக்கு மருந்திடும்போது விழும் ஒரு துளி அளவே. பொறி நிமிடத்துக்கு 1,500 சுற்று சுழலும்போது, வணர்தண்டு 20 பாகை திரும்பும் நேரத்துக்குள் அத்துளி செல்ல வேண்டுமெனில், அதற்குக் கிடைக்கும் நேரம் ஒரு நொடியில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டுமே.

பம்பின் குறைபாடு

வரிசைப் பம்பின் அழுத்தம் பொறியின் வேகத்தைச் சார்ந்தது. மெதுவாகச் சுழலும்போது பிளஞ்சரும் மெதுவாகவே தள்ளுகிறது. அப்போது டீசல் நுண்துளிகளாகச் சிதறாமல் பெருந்துளிகளாக விழுந்து, முழுவதும் எரியாமல் கரியாகிறது. நிறைசுமையுடன் நிற்கும் சரக்குந்து கிளம்பும்போது வெளிவரும் கரும்புகைக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மற்றொரு குறைபாடு, பம்புக்குக் காற்றின் நிலை தெரியாது என்பது. ஒரு கிராம் டீசல் எரிய ஏறத்தாழ 14.5 கிராம் காற்று தேவை. புகையின்றி எரிய வேண்டுமெனில் இன்னும் சற்றுக் கூடுதலாக வேண்டும். 20 பாகை செல்சியசில் உள்ள காற்றைவிட 40 பாகையில் உள்ள காற்று ஏறத்தாழ 6 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. மதுரையில் மே மாதப் பகலில் வெப்பம் 40 பாகையை எட்டுவது வழக்கம். டர்போ இல்லாத பொறி அப்போது குறைந்த காற்றையே உள்ளிழுக்கிறது; பம்போ மார்கழியில் தந்த அதே அளவு டீசலைத் தருகிறது. மதுரைச் சமவெளியிலிருந்து வத்தலக்குண்டு வழியாக ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலுக்கு ஏறும்போது காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. மலைச்சாலையில் பழைய ஊர்திகள் கூடுதலாகப் புகைவிடுவது ஓட்டுநரின் பிழையால் மட்டுமன்று.

மின்னணு முறையின் அமைப்பு

மின்னணு உட்செலுத்தல் மேற்கூறிய நான்கு பணிகளையும் தனித்தனியே பிரிக்கிறது. இன்று பரவலாக உள்ள காமன் ரெயில் முறையில், உயரழுத்தப் பம்பு அழுத்தத்தை உண்டாக்கும் பணியை மட்டும் செய்கிறது. அழுத்தமேறிய டீசல், எல்லா உருளைகளுக்கும் பொதுவான தடித்த குழாயொன்றில் தேங்கி நிற்கிறது. பழைய நாசில்கள் ஏறத்தாழ 200 முதல் 250 பார் அழுத்தத்தில் திறக்குமாறு அமைக்கப்பட்டிருந்தன. காமன் ரெயிலின் தொடக்ககால அமைப்புகளிலேயே அழுத்தம் 1,300 பார் அளவை எட்டியது. பின்வந்தவை 2,000 பாரையும் கடந்தன. பொறி மெதுவாகச் சுழன்றாலும் இவ்வழுத்தத்தைத் தக்கவைக்க முடிகிறது. அளவும் நேரமும் கட்டுப்பாட்டகத்தின் பொறுப்பு. அது உட்செலுத்தியின் மின்காந்தத்துக்கு எத்தனை மைக்ரோநொடி மின்சாரம் தருகிறதோ அவ்வளவு டீசல் செல்கிறது. ஒரே சுழற்சியில் முன்னதாக ஒரு சிறு துளியும் பின்னர் முதன்மைத் துளியும் எனப் பிரித்தும் செலுத்தலாம். டீசலுக்கே உரிய ‘கடகட’ ஓசை குறைவது இதனால்தான்.

சரக்குந்தில் காமன் ரெயிலை முதன்முதலில் வணிக அளவில் கொண்டுவந்தது ஜப்பானின் டென்சோ நிறுவனம். 1995 இல் ஹினோ சரக்குந்தில் அது பொருத்தப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1985 இல், அமெரிக்காவின் டெட்ராய்ட் டீசல் நிறுவனம் வேறொரு வகை மின்னணு உட்செலுத்தலைக் கனரகப் பொறிகளில் அறிமுகப்படுத்தியிருந்தது. அசோக் லேலண்ட் தன் எச்-வரிசைப் பொறிகளுக்கான தொழில்நுட்பத்தை 1980களில் அதே ஹினோவிடமிருந்துதான் பெற்றது. எனினும் அப்பொறிகள் இந்தியாவில் நெடுங்காலம் பொறிமுறைப் பம்புடனேயே ஓடின.

கட்டுப்பாட்டகத்தின் அட்டவணை

மாற்றத்தின் கடினமான பகுதி இரும்பில் இல்லை, எண்களில் உள்ளது. கட்டுப்பாட்டகத்தின் நினைவகத்தில் பல அட்டவணைகள் இருக்கும். முதன்மை அட்டவணையின் ஒரு பக்கத்தில் பொறியின் வேகமும் மறுபக்கத்தில் ஓட்டுநர் மிதிக்கும் அளவும் குறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் செலுத்த வேண்டிய டீசலின் அளவு இருக்கும். கட்டங்களுக்கு இடைப்பட்ட நிலைகளுக்குக் கணினி இடைமதிப்பைக் கணக்கிடும். எடுத்துக்காட்டாக, 1,400 சுற்றுக்கு 40 மில்லிகிராம், 1,600 சுற்றுக்கு 44 மில்லிகிராம் எனப் பதியப்பட்டிருந்தால், 1,500 சுற்றுக்கு 42 மில்லிகிராம் என்று கொள்ளும். அதன்பின் காற்றின் வெப்பம், அழுத்தம், குளிர்நீரின் வெப்பம் ஆகியவற்றுக்கான திருத்தங்கள் சேர்க்கப்படும். புகையெல்லைக்கென ஓர் அட்டவணை, உட்செலுத்தத் தொடங்கும் கோணத்துக்கென ஓர் அட்டவணை, அழுத்தத்துக்கென ஓர் அட்டவணை என இது நீளும்.

இக்கட்டங்களை நிரப்பச் சூத்திரம் மட்டும் போதாது. பொறியைச் சோதனை மேடையில் ஏற்றி, சுமையை மாற்றி மாற்றி, புகையையும் வெளிவளியின் வெப்பத்தையும் அளந்தே நிரப்ப வேண்டும். தவறான எண் பெட்ரோல் பொறியில் பெரும்பாலும் திணறலாக வெளிப்படும். டீசல் பொறியில் அது உந்துதண்டின் முகப்பை உருக்கிவிடக்கூடும். வேகக் கட்டுப்பாடும் இதே நிரலில் இருப்பதால், பிழையான நிரல் பொறியை அடங்காமல் ஓடவும் வைக்கலாம். பழைய கவர்னரில் ஒரு சுருள்வில் செய்த வேலையை இங்கே நிரல் செய்கிறது. சுருள்வில்லுக்கு உள்ள அதே நம்பகத்தன்மை நிரலுக்கும் தேவை.

பழைய பொறியில் எதிர்ப்படும் தடைகள்

முதல் தடை பொறியின் தலைப்பகுதி. பழைய நாசில் நிற்கும் துளையில் புதிய உட்செலுத்தி பொருந்தாது. துளையை மாற்றினாலும், புதிய உட்செலுத்தியின் தாரை பழைய உந்துதண்டின் குழிவுக்கு இசையாது. அமெரிக்காவின் கம்மின்ஸ் பி-வரிசைப் பொறி இதற்குத் தெளிவான சான்று. இந்தியாவில் ஜாம்ஷெட்பூரிலுள்ள டாட்டா கம்மின்ஸ் ஆலையும் இவ்வரிசையின் 5.9 லிட்டர் பொறியை உற்பத்தி செய்தது. 102 மில்லிமீட்டர் விட்டம், 120 மில்லிமீட்டர் ஓட்டம் என்ற அளவுகளை மாற்றாமலேயே அந்நிறுவனம் அதனைப் பொறிமுறையிலிருந்து மின்னணுவுக்குக் கொண்டுசென்றது. ஆயினும் 12 அடைப்பிதழ்கள் கொண்ட தலைப்பகுதியைக் கைவிட்டு, உட்செலுத்தி நடுவில் செங்குத்தாக நிற்கும் 24 அடைப்பிதழ்த் தலைப்பகுதியைப் புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது. அமெரிக்க ஆர்வலர்கள் சிலர் 1998 முதல் 2002 வரையிலான மின்னணுப் பொறிகளிலிருந்து மின்னணுப் பம்பைக் கழற்றிவிட்டு, பழைய பொறிமுறை வரிசைப் பம்பைப் பொருத்தினர் என்பது சுவையான செய்தி. எதிர்த்திசையில் செய்யப்படும் இம்மாற்றம் அங்கு இன்றும் பரவலாக உள்ளது.

இரண்டாவது தடை டீசலின் தூய்மை. காமன் ரெயில் உட்செலுத்தியின் உள்ளிடைவெளிகள் மைக்ரோமீட்டர் கணக்கிலானவை. பழைய வடிகட்டியைக் கடந்துவரும் தூசியும் நீரும் வரிசைப் பம்பை மெல்லத் தேய்க்கும்; புதிய உட்செலுத்தியை விரைவிலேயே கெடுத்துவிடும். எனவே நீர்பிரிப்பானும் நுண்வடிகட்டியும் தேவை. பழைய தொட்டியின் உட்புறத் துருவையும் நீக்க வேண்டும்.

மூன்றாவது மின்னமைப்பு. வணர்தண்டின் கோணத்தை அறியப் பற்சக்கரமும் உணரியும் பொருத்த வேண்டும். கட்டுப்பாட்டகத்துக்கு நிலையான மின்னழுத்தம் தேவை. பழைய கம்பிகளும் தளர்ந்த இணைப்புகளும் கொண்ட ஊர்தியில் இதற்கு உறுதியில்லை. இங்கே மின்சாரம் அறுந்தால் பொறியும் நிற்கும்.

நான்காவது சட்டம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக ஊர்தியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. அங்கீகரிக்கப்பட்ட மாற்றுக் கருவித்தொகுதி இல்லாமல் ஒரு பட்டறை தானே இம்மாற்றத்தைச் செய்து பதிவுச் சான்றிதழில் ஏற்ற முடியாது.

இடைப்பட்ட வழியும் ஒன்று உண்டு. வரிசைப் பம்பை அப்படியே வைத்துக்கொண்டு, எடைக்குண்டு கவர்னருக்குப் பதிலாக மின்காந்தம் ஒன்றால் ராக்கை நகர்த்துவது அது. தலைப்பகுதியைத் தொடாமல் அளவை மட்டும் மின்னணுக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரலாம். ஆனால் குறைந்த வேகத்தில் அழுத்தம் குறையும் பழைய சிக்கல் அப்படியே இருக்கும்.

மதுரையில் முன்னர் நிகழ்ந்த மாற்றம்

பொறிகளை வேறு எரிபொருள் முறைக்கு மாற்றுவது மதுரைக்குப் புதிதன்று. 1911 இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய டிவிஎஸ் நிறுவனம் மதுரையை மையமாகக் கொண்டு பேருந்துகளை இயக்கியது. இரண்டாம் உலகப்போரின்போது சென்னை மாகாணத்தில் பெட்ரோலுக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்போது சுந்தரம் ஐயங்கார் ஊர்திகளுக்கான வளிக்கலன் ஒன்றை வடிவமைத்து, ‘டிவிஎஸ் கேஸ் பிளான்ட்’ என்ற பெயரில் உற்பத்தி செய்தார். இத்தகைய கலன்களில் கரி குறைந்த காற்றில் எரிந்து, கார்பன் மோனாக்சைடு கலந்த எரிவளியைத் தரும். பெட்ரோல் பொறியில் தீமூட்டுவது தீப்பொறி. எரிபொருள் காற்றுடன் வெளியிலேயே கலந்து உள்ளே செல்கிறது. ஆகவே பொறியின் உட்புறத்தைத் தொடாமல் கலக்கும் கருவியை மட்டும் மாற்ற முடிந்தது. அதற்குக் கொடுத்த விலை ஆற்றல் இழப்பு. இவ்வளியில் ஓடும் பொறி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஆற்றலையோ அதற்கும் மேலாகவோ இழக்கும். டீசல் பொறிக்கு இவ்வசதி இல்லாததே இன்றைய மாற்றத்தைக் கடினமாக்குகிறது.

உமிழ்வு நெறிகளும் மதுரையும்

இந்தியச் சரக்குந்துகளை மின்னணுவை நோக்கித் தள்ளியவை உமிழ்வு நெறிகளே. பாரத் ஸ்டேஜ் எனப்படும் இந்நெறிகள் ஐரோப்பிய நெறிகளைப் பின்பற்றியவை. கனரகப் பொறிகளில் நைட்ரசன் ஆக்சைடுகளுக்கு பாரத் 2 நெறி ஒரு கிலோவாட்-மணிக்கு 7 கிராம் வரை அனுமதித்தது. பாரத் 3 அதை 5 ஆகவும் பாரத் 4 அதை 3.5 ஆகவும் குறைத்தன. பாரத் 6 நெறியின் நிலைச்சோதனையில் இது 0.4 கிராம் மட்டுமே.

இந்நெறிகள் நாடு முழுவதும் ஒரே நாளில் நடைமுறைக்கு வரவில்லை. 2005 இல் பாரத் 3 நெறி தில்லி தலைநகர்ப் பகுதிக்கும் சென்னை உள்ளிட்ட சில பெருநகரங்களுக்கும் மட்டும் வந்தது. அப்பட்டியலில் மதுரை இல்லை. ஆகவே மதுரையில் 2010 வரை பாரத் 2 சரக்குந்தும், 2017 மார்ச் 31 வரை பாரத் 3 சரக்குந்தும் புதிதாகப் பதிவு செய்யப்பட்டன. இவற்றுள் பல பொறிமுறைப் பம்பு கொண்டவை. டீசலின் நிலையும் இதுவே. பாரத் 3 டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு வரை கந்தகம் இருக்கலாம். பாரத் 4 இல் 50, பாரத் 6 இல் 10. கந்தகம் மிகுந்த டீசலில் புதிய பொறிகளின் வெளிவளித் தூய்மிப்பான்கள் நிலைக்கா. பொறியும் எரிபொருளும் சேர்ந்தே மாறவேண்டியிருந்தது.

2017 மார்ச் 29 அன்று உச்ச நீதிமன்றம், ஏப்ரல் 1 முதல் பாரத் 3 ஊர்திகளை விற்கவும் பதியவும் தடை விதித்தது. அப்போது 8 லட்சத்துக்கும் மேற்பட்ட ஊர்திகள் விற்கப்படாமல் இருந்தன. பெரும்பாலானவை இருசக்கர ஊர்திகள். சரக்கு ஊர்திகளும் கணிசமாக இருந்தன.

அதன்பின்னும் வரிசைப் பம்பு உடனே மறைந்துவிடவில்லை. 2018 இல் அசோக் லேலண்ட் பாரத் 4 நெறிக்கு உட்பட்ட வரிசைப் பம்புப் பொறியை அறிமுகப்படுத்தியது. காமன் ரெயில் வந்துவிட்ட காலத்தில் பழைய அமைப்புக்குத் திரும்பியது வியப்பளிக்கலாம். காரணம் எளிது: நெடுஞ்சாலையோரப் பட்டறையில் பழுதுபார்க்கத்தக்க பொறியை ஊர்தி உரிமையாளர்கள் விரும்பினர். 2020 ஏப்ரல் 1 அன்று பாரத் 6 நடைமுறைக்கு வந்தபின் புதிய சரக்குந்துகளில் இதற்கு இடமில்லாமற் போயிற்று.

பட்டறைகளில் ஏற்பட்ட மாற்றம்

மதுரை வழியாகச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44, முன்பு 7 என எண்ணிடப்பட்டிருந்தது. இத்தகைய நெடுஞ்சாலை நகரங்களில் பம்ப் பழுதுபார்ப்பு தனித் தொழிலாக வளர்ந்தது. கழற்றிச் சீர்செய்த பம்பு ஒரு சோதனை மேடையில் ஏற்றப்படும். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான அடிகளுக்குப் பிளஞ்சர்கள் தரும் எண்ணெய் ஆறு கண்ணாடி அளவுக்குழாய்களில் விழும். ஆறும் ஒரே மட்டத்தில் நிற்கும்வரை தொழிலாளி அவற்றைத் திருத்துவார். பின்னர் ஈயமுத்திரை இடப்படும். கூடுதல் இழுவைக்காக இம்முத்திரையை உடைத்து டீசல் அளவை ஏற்றிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. சாலையில் காணும் கரும்புகையில் ஒரு பங்கு இதனால் வருவது. புகைச் சோதனையில் பாரத் 4 க்கு முற்பட்ட டீசல் ஊர்திகளுக்கு 65 ஹார்ட்ரிட்ஜ் அலகு வரையும், பாரத் 4 ஊர்திகளுக்கு 50 வரையும் அனுமதி உண்டு. சீராக அளவிடப்பட்ட பழைய பம்பு இவ்வெல்லைக்குள் அடங்கும். எனவே பழைய சரக்குந்து வைத்திருப்பவருக்கு மின்னணு மாற்றத்தைவிடப் பம்பையும் நாசில்களையும் காற்று வடிகட்டியையும் ஒழுங்காகப் பேணுவதே குறைந்த செலவில் நிறைந்த பயன் தரும்.

பழைய பொறியில் டீசல் தீர்ந்து குழாயில் காற்று புகுந்தால், ஓட்டுநரே கைப்பம்பை அடித்து ‘ஏர் எடுத்து’ வண்டியைக் கிளப்பிவிடுவார். இயங்கும் காமன் ரெயில் பொறியில் உயரழுத்தக் குழாயின் இணைப்பைத் தளர்த்துவது கொடிய ஆபத்து. அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். வெளியே சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனடி அறுவை மருத்துவம் தேவைப்படும் காயம் அது.

மின்னணுப் பொறியின் பழுதைக் கண்டறியக் கட்டுப்பாட்டகத்துடன் இணைக்கும் படிப்பான் வேண்டும்; உட்செலுத்திகளைச் சோதிக்க உயரழுத்த மேடையும் தூசியற்ற அறையும் வேண்டும். கண்ணாடிக் குழாயில் மட்டம் பார்த்த திறன் இங்கே வேறு வடிவம் பெறுகிறது. எந்த இரண்டு உட்செலுத்திகளும் முற்றிலும் ஒரே அளவைத் தருவதில்லை. எனவே பல உற்பத்தியாளர்கள் ஒவ்வொன்றையும் தொழிற்சாலையில் அளந்து, அதன் விலகலை ஒரு குறியீடாக அதன் தலையிலேயே பொறிக்கின்றனர். அத்தகைய உட்செலுத்தியை மாற்றும்போது அக்குறியீட்டைப் படிப்பான் வழியாகக் கட்டுப்பாட்டகத்தில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பொறி ஓடும். ஆனால் பழைய உட்செலுத்தியின் திருத்தத்தையே புதியதற்கும் பயன்படுத்தி, நிற்கும்போது ஒருவித அதிர்வுடன் ஓடும்.